மேலே போனவர்

என் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஊரில் எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றாலும் அலறுவது எங்கள் வீட்டுத் தொலைபேசிதான், அதை எடுத்துப் பதில் சொல்வது என் தலையெழுத்து. லிஃப்டின் மோட்டார் மொட்டை மாடிக்கும் மேலே ஒரு சின்ன அறையில் இருக்கும். அங்கே ஏறிவிட்டால் மனிதர் கைபேசியை எடுக்க மாட்டார். அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: "அவர் மேல போயிட்டாருங்க." வாடிக்கைக்காரர்களுக்கு அது பழகிப்போன பதில். மற்றவர்கள் காதில் அது எப்படி விழும் என்று நான் யோசித்ததில்லை. யோசிக்க எனக்கு எங்கே நேரம்?

எங்கள் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாயாடி. அவள் பள்ளியில் இந்த வருடம் வெள்ளிக்கிழமைதோறும் ஊரில் வேலை செய்யும் யாராவது ஒருவரை அழைத்துப் பேசச் சொல்கிறார்கள். டாக்டர், இன்ஜினியரைத் தாண்டியும் வேலைகள் உண்டு, அவை பக்கத்துத் தெருவிலேயே இருக்கின்றன என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமாம். நல்ல யோசனைதான். ஆனால் அவதிப்பட்டது நான். பேக்கரிக்காரர் வந்துபோன வாரம் என் மாவு டப்பா காலி. ஆம்புலன்ஸ் ஓட்டும் அம்மா வந்த வாரம், வாயாடி சைரன் சத்தம் போட்டுக்கொண்டேதான் சாப்பிட வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்த வாரம் என் கண்ணைப் பரிசோதித்து, எனக்கு இத்தனை நாளும் ஒன்றுமே தெரிந்திருக்காது என்று தீர்ப்புச் சொன்னாள்.

அப்புறம்தான் வம்பு வந்தது. "லிஃப்ட்ல என்ன பெரிய வேலை? பட்டனை அமுக்கினா தானா போகுது" என்று பக்கத்து பெஞ்சுப் பையன் சொல்லிவிட்டானாம். இவள் சும்மா இருப்பாளா? "எங்கப்பா வந்து பேசுவாரு, அப்ப வாயை மூடிக்கிட்டுக் கேளு" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சவால் விட்டு, டீச்சரிடம் அடுத்த வெள்ளிக்கிழமையையும் வாங்கி வந்துவிட்டாள்.

கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது. நாலு பேர் முன்னால் நின்றால் அவருக்கு நாக்கு எழாது. ஒருமுறை கம்பெனி விழாவில் சிறந்த ஊழியர் என்று மேடையேற்றி, இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். வணக்கம் என்றார். கூட்டத்தைப் பார்த்தார். நன்றி என்று சொல்லி இறங்கிவிட்டார். இரண்டு வார்த்தை கேட்டார்கள், இரண்டு வார்த்தை கொடுத்துவிட்டார், கணக்குச் சரி.

அதற்காக ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன சாவிக்கொத்தைக் கொடுக்க ஓர் அடுக்குமாடிக்குப் போனேன். லிஃப்டுக்குள் யாரோ ஒரு பெண் மாட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இவர் மூடிய கதவில் காதை வைத்துக்கொண்டு, பூனை வளர்க்கிறீர்களா, அதற்குப் பெயர் என்ன, பால் குடிக்குமா என்று ஒரே கொஞ்சல். உள்ளே அழுகை நின்று சிரிப்பு வந்தது. எனக்கு வந்தது எரிச்சல். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் இந்த மனிதர் இப்படி ஒரு பேச்சுப் பேசியதில்லை. வாயாடி கோபித்துக்கொண்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும்போது மட்டும், வெளியே தரையில் உட்கார்ந்து அதே குரலில் பேசுவார். அவளும் அதற்காகவே அடிக்கடி கோபித்துக்கொள்கிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

"வர முடியலைன்னு சொல்லிடட்டுமா?" என்று அவர் என்னிடம்தான் மெல்லக் கேட்டார். பதில் மகளிடமிருந்து வந்தது.

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்ப்பா. நீங்க வந்து பேசலைன்னா நான் அந்த வகுப்புல எப்படி உக்காருவேன்?"

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. செருப்புப் பெட்டி, நூல்கண்டு, துணி கிளிப்புகள் எல்லாம் சேர்த்து ஒரு குட்டி லிஃப்ட் செய்தார். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினார். கண்ணாடியைப் பார்த்தே வியர்த்தார். எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை வாயாடிக்குக் காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது, தொலைபேசி அலறுகிறது.

"சார் இருக்காங்களா? நாளைக்கு விஷயமாப் பேசணும்" என்றது ஒரு பெண் குரல்.

"அவர் மேல போயிட்டாருங்க."

"எப்போங்க?"

"காலையிலதான். காபி கூடக் குடிக்கல."

"கடவுளே. இப்படித் திடீர்னா?"

"இவர் தொழில்ல எல்லாம் திடீர்னுதாங்க. உங்களுக்கு அவசரம்னா சொல்லுங்க, வேற ஆளை ஏற்பாடு பண்றேன்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்மா. நீங்க மனசைத் தளர விடாதீங்க. பாப்பாவைப் பாத்துக்குங்க." தொலைபேசியை வைத்துவிட்டார்.

பாவம், தன் லிஃப்ட் நின்றுகிடக்கும்போதும் என் மகளின் காய்ச்சலை விசாரிக்கிறாரே, எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு பாலைப் பார்க்கப் போனேன். காய்ச்சல் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பால் அதற்குள் பொங்கி வழிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது. "நீயும் வா" என்று அவர் கெஞ்சியதால் நானும் பள்ளிக்குப் போனேன். தாகமாக இருக்கிறது என்று அவர் தண்ணீர்க் குழாய் பக்கம் ஒதுங்கினார். நானும் மகளும் வகுப்புக்குள் நுழைந்தோம். பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். என்ன ஒரு ஒழுக்கம் என்று வியந்தேன். டீச்சர் ஓடிவந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார், கண்கள் கலங்கியிருந்தன.

"இன்னைக்கே ஏம்மா வந்தீங்க? லீவு போட்டிருக்கலாமே."

"ஒருநாள் காய்ச்சல்தானே டீச்சர், சரியாப் போச்சு."

"ஒருநாள் காய்ச்சல்லயா போயிட்டாரு?"

யார் என்று நான் கேட்பதற்குள், செருப்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி என் கணவர் வாசலில் வந்து நின்றார். "இதோ எங்கப்பா" என்றாள் வாயாடி. டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "செத்தவரு வந்துட்டாரு" என்று நிதானமாக அறிவித்தாள்.

மோட்டார் அறையையும், மொட்டை மாடியையும், பொங்கிய பாலையும் நான் விளக்கி முடிப்பதற்குள் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் சேர்ந்துகொண்டார். எனக்கு மானம் போனது. போனாலும் பரவாயில்லை. அவர்தான் பாவம். சாதாரணமாகவே நாக்கு எழாதவர், செத்துப் பிழைத்தவராக வேறு அத்தனை கண்களுக்கும் முன்னால் நிற்கிறார்.

"வணக்கம்" என்றார்.

சிரிப்பு அடங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள். பெட்டிக்குள் நூல்கண்டு உருளும் சத்தம் கேட்டது. பக்கத்து பெஞ்சுப் பையன் வாயாடியைத் திரும்பிப் பார்த்தான். அவர் உதடு அடுத்த வார்த்தைக்குக் குவிவது எனக்குத் தெரிந்தது. அது நன்றிதான். அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

வாயாடி எழுந்து போனாள். அப்பாவின் இடுப்பில் கை வைத்து மெல்லத் தள்ளிக்கொண்டே போய், வெளியே நிறுத்தி, கதவைச் சாத்தினாள். பெற்ற தகப்பனை வெளியே தள்ளுகிறாளே என்று எனக்குக் கை பரபரத்தது. அவளோ உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள்.

"யாராவது இருக்கீங்களா? லிஃப்ட் நின்னு போச்சு. உள்ள நாங்க நிறைய பேர் இருக்கோம்."

அப்புறம் கதவுக்கு மிக அருகில் அந்தக் குரல் வந்தது.

"இருக்கேம்மா. நான் பேசறது கேக்குதா? யாரும் பயப்படாதீங்க. முதல்ல எல்லாரும் கீழ உக்காருங்க பாப்போம்."

உடனே வகுப்பு முழுவதும் தரையில் உட்கார்ந்தது. டீச்சரும் உட்கார்ந்தார்.

"மூச்சு முட்டுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"முட்டாது. பெட்டியில காத்து வர்றதுக்கு வழி இருக்கு. நல்லாப் பாட்டே பாடலாம்."

"கயிறு அறுந்துட்டா?"

"ஒரு கயிறு இல்லடா ராஜா, நிறைய இருக்கு. எல்லாம் அறுந்தாலும் அடியில ஒரு பிடி இருக்கு. பெட்டி வேகமா இறங்கினா அது ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கும். நீங்க மட்டும் கதவை நெம்பித் திறக்காதீங்க. அது என் வேலை."

கேள்விமேல் கேள்வி வந்தது. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, நடுநடுவே நகைச்சுவையும் வந்தது. இதற்கு என்ன படிக்கணும், உயரம்னா பயப்படலாமா, பொண்ணுங்க சேரலாமா என்று விசாரித்தார்கள். "எங்க கூட ஒரு அக்கா வேலை பாக்குது. மோட்டார்னா என்னைவிட அதுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றார். கடைசியாகப் பக்கத்து பெஞ்சுப் பையன் கதவருகே நகர்ந்து போனான்.

"நீங்க வர லேட்டாயிட்டா, உள்ள இருக்கிறவங்க என்னங்க பண்றது?"

"லேட்டாகும் தம்பி, சில நாள் ஆகத்தான் செய்யும். ஆனா வந்துட்டேன்னா, கதவு திறக்கற வரைக்கும் நகர மாட்டேன். பேசிக்கிட்டேதான் இருப்பேன்."

பையன் வாயாடியைப் பார்த்து, சரி என்பதுபோல் தலையாட்டினான். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப திறக்கப் போறேன். முட்டி மோதாம ஒவ்வொருத்தரா வாங்க" என்றது குரல். கதவு திறந்தது. பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "பாத்து, பாத்து" என்று இல்லாத பள்ளத்தைத் தாண்டவைத்தார். டீச்சர் கையைப் பிடித்து, "நான் கீழ இறங்கிட்டேங்க" என்றார். என் கையையும் பிடித்தார். "பயந்துட்டியா?" என்று அதே குரலில் கேட்டார். பதிலுக்கு ஏதாவது குத்தலாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது "ஆமா" மட்டும்தான்.

கடைசியாக உள்ளே நின்றது வாயாடி. அவர் கையை நீட்டினார். அவள் அதைப் பிடிக்காமல், மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்கப்பா" என்றது உள்ளேயிருந்து அழுகைக் குரல்.

அவர் செருப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கதவோரம் தரையில் உட்கார்ந்தார்.