பெரட்டுக்களத்து டாக்டர்

1

இந்தக் கதை கஜேந்திரனின் பற்களிலிருந்து பிறந்தது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு மேலே ஒரு பேனர். தொழிற்சங்கத் தலைவர் கஜேந்திரன் கைகூப்பிச் சிரிக்கிறார். மூலையில் முத்திரை அளவில் ஒரு பெண்பிள்ளை. 'எங்கள் தோட்டத்தின் முதல் டாக்டர் சுலக்ஷனா!' கேலி செய்ய ஆள் கிடைத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் அந்தப் பிள்ளையிடம் பேசினேன்.

2

முதல் தொடக்கம்: மூடுபனி தேயிலை மலைகளைத் தழுவிக்கொள்ள, சுலக்ஷனா—

(அடித்துவிட்டேன். அன்றைக்கு நல்ல வெயில்.)

இரண்டாம் தொடக்கம்: உயர்தரப் பரீட்சையில் அவளுக்கு உயிரியல் ஏ, இரசாயனவியல் பி, பௌதிகவியல் வெறும் தேர்ச்சியான எஸ். பௌதிகம் படிப்பித்த சேர் மாற்றலாகிப் போனபின் அந்தப் பாடத்துக்கு ஆளே வரவில்லை. ஆனால் மூன்றையும் சேர்த்துத்தான் பல்கலைக்கழக இடத்துக்கான இசட் புள்ளி. தவளையின் இதயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடியவளைச் சாய்தளத்தில் உருளும் ஒரு பந்து கீழே இழுக்கிறது. மருத்துவபீடத்துக்கான நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. கஜேந்திரனுக்கு மட்டும் வந்துவிட்டது.

3

அவள் இன்னும் ஒரேயொரு தடவை பரீட்சை எழுதலாம். விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி. வெட்டுப்புள்ளி அதற்குப் பிறகுதான் வரும்.

"போட்டு வைக்கிறேன்ப்பா. எடம் கிடைச்சா எழுதாம விட்டுடலாம்."

"டாக்டருக்கு எதுக்குடி மறுபடி சோதன?" என்றார் அப்பா ஜீவராஜ். "தலைவரு மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைப்பாரு?"

"அதான் பேனர்ல வச்சிருக்காருல்ல," என்றார் அம்மா நாகலெட்சுமி. பிறகு குரல் இறங்கிவிட்டது. "மலையில வேல வாங்குற கண்டாக்கையாவே இவகிட்ட மூட்டுவலிக்கு மாத்திர கேக்குறாருங்க. இப்பப் போயி இவ சோதன எழுதுனா..."

என்னைப் போலவே அவரும் வாக்கியத்தை முடிக்கவில்லை.

[ஜீவராஜைக் கொடுமைக்காரத் தகப்பனாக்கப் பார்த்தேன். சரிவரவில்லை. பேனர் கட்டிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு அழுதவர் அவர்.]

4

முடிவு அ: வெட்டுப்புள்ளி இறங்குகிறது. வெள்ளைக் கோட்டு. கஜேந்திரனுக்கு இன்னும் பெரிய பேனர், இன்னும் கூடுதலான பற்கள்.

முடிவு ஆ: வெட்டுப்புள்ளி ஏறுகிறது. பேனர் காணாமல் போகிறது. அது இப்போது யார் வீட்டுக் கோழிக்கூட்டுக்கோ—

அவள் சந்தோஷப்படுவாள் என்று 'அ'வை வாசித்துக் காட்டினேன்.

"மாமா, நீங்களும் கட்டிட்டீங்களா?"

"எதம்மா?"

"பேனர். ஒங்க படம் மட்டுந்தான் இல்ல."

5

[முடிவு அ நீக்கப்பட்டது. முடிவு ஆ-வும்.]

இன்று வியாழன். போனில் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டாள், அனுப்பவில்லை. லயத்து வரிசைவீட்டு வாசலில் போன பக்கத்து வீட்டுக்காரர், "டாக்டரம்மா, சாப்பிட்டாச்சா?" என்றார். அவள் போனைச் சட்டென்று சுவெட்டருக்குள் மறைத்தாள்.

இதற்குமேல் எழுதினால் நானும் பேனர் கட்ட ஏணி கேட்க வேண்டிவரும். வாசகரே, நாளைக்குள் அந்தப் பக்கம் போனால் ஓர் உதவி செய்யுங்கள். அவளைச் சுலக்ஷனா என்று மட்டும் கூப்பிடுங்கள். அதைக் கேட்டு ஒருவேளை அவள் பெருவிரல் 'அனுப்பு' பொத்தானை—