சிலேட்டைப் பற்றி எட்டுப் பேர் சொன்னது

அந்தச் சிறையில் அவனை எல்லோரும் லைப்ரரி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கோப்பில் இருந்தது, அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஆயுள் தண்டனையில் ஆறு வருடம் முடிந்திருந்தது. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் நூலகப் பொறுப்பும், அலுவலகத்தில் எழுத்து வேலை வந்தால் அதுவும் அவன் தலையில்தான் விழும். விழட்டும் என்றுதான் அவனும் இருந்தான். நாற்காலி, மேஜை, ஒரு ஜன்னல் என்று உள்ளே எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஆனால் அவன் அந்த வேலையை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் நாற்காலி அல்ல. மதிலுக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், அவன் மனைவி இருந்தாள். அண்ணனோடு வந்த வீட்டுத் தகராறு கொலையில் முடிந்து, கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரே வழக்கில் உள்ளே வந்தவர்கள். ஒரே வழக்குக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது, எழுதக் கூடாது. அது விதி. மகள் மனைவியின் அக்கா வீட்டில் வளர்ந்தாள். அந்தப் பெரியம்மா மாதம் ஒருமுறை தங்கையைப் பார்க்க வருவாள். இவனைப் பார்க்க ஒரு ஈ காக்கை வராது. மகள் சாப்பிட்டாளா, படிக்கிறாளா, உயிரோடு இருக்கிறாளா என்பதே மனைவி சொன்னால்தான் அவனுக்குத் தெரியும்.

அவளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். சனிக்கிழமைதோறும் நூலக வண்டி பெண்கள் பகுதிக்குப் போய் வரும். ஏதாவது ஒரு புத்தகத்தில், எழுத்துகளுக்கு அடியில் பென்சிலால் கடுகுபோலப் புள்ளிகள் இருக்கும். கூட்டிப் படித்தால் ஒரு வரி வரும். ஐந்து வருடம் இப்படி ஓடியது, ஒரு வார்டரின் கண்ணிலும் படவில்லை.

பிறகுதான் சிலேட்டு வந்தது. ஒரு கம்பெனி பரீட்சார்த்தமாகக் கொடுத்த மின்னூல் கருவிகள் அவை. ஆண்கள் பகுதிக்கு எட்டு, பெண்கள் பகுதிக்கு நான்கு. ஒவ்வொன்றிலும் முந்நூறு புத்தகம். இடத்தை அடைக்கிறது என்று பழைய புத்தகங்களை மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். மூட்டைக்கு முடிச்சுப் போட்டவனும் அவன்தான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காவது நாள் காலையில், பூட்டைத் திறந்து எல்லாவற்றையும் துடைத்து வைக்கும்போது, நாலாம் நம்பர் சிலேட்டில் அவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். ஒரு சொல்லை விரலால் அழுத்திப் பிடித்தால் அடிக்கோடு விழுகிறது. அதே புத்தகத்தை வேறு சிலேட்டில் திறப்பவருக்கும் அந்தக் கோடு லேசாகத் தெரிகிறது. ‘மற்ற வாசகர்கள் ரசித்தவை’ என்று அதற்கு ஒரு தலைப்பு வேறு. யாரும் திறக்க மாட்டாத புத்தகம் எது என்று பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடி, ‘லாபகரமான கோழி வளர்ப்பு’ என்பதைப் பிடித்தான். அந்த வாரம் பெண்கள் பகுதிக்கு அனுப்பிய நூற்பட்டியலில் அந்தப் பெயருக்கு அடியில் மட்டும் ஒரு பென்சில் புள்ளி வைத்தான். அவளுக்கு அது போதும்.

ஒரே தொல்லை, புள்ளி வைத்த காலத்தில் எழுத்தெழுத்தாக எதையும் சொல்லலாம். சிலேட்டில் முழுச் சொல்லுக்குத்தான் கோடு விழும். அதனால் கோழிப் புத்தகத்தில் உள்ள சொற்களை வைத்தே குடும்பம் நடத்த வேண்டியிருந்தது. அவன் சேவல், அவள் பெட்டை, மகள் குஞ்சு. ‘சேவல்’, ‘தீனி’, ‘ஒழுங்காக’, ‘எடுக்கிறதா’ என்று நான்கு பக்கங்களில் நான்கு கோடுகளைப் பார்த்த அன்று, ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

மூன்று வாரம் கழித்து அபிப்பிராயம் கேட்க ஒரு பகல் வேளையில் கம்பெனிப் பெண் வந்தாள். கழுத்தில் அட்டை, மடியில் கணினி, முகத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு சிரிப்பு. பக்கத்தில் கண்காணிப்பாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர் பெஞ்சில் சிலேட்டு வாங்கிப் படித்த எட்டுப் பேர். அவர்கள் சொல்வதைப் படிவத்தில் எழுத லைப்ரரி.

“பயப்படாம மனசுல பட்டதைச் சொல்லுங்க” என்றாள் அவள்.

கண்காணிப்பாளரை வைத்துக்கொண்டு மனதில் பட்டதைச் சொல்ல அவர்களுக்கு என்ன பைத்தியமா? முதல் ஆள் கனமே இல்லை என்றான். அடுத்தவன் வெயிலில் வைத்தாலும் கண் கூசவில்லை என்றான். மூன்றாமவன் முதுகுப்புறம் வழுவழுவென்று இருக்கிறது, கை வியர்த்தால் நழுவுகிறது என்று சொல்லிவிட்டு, “ஆனா அதுவும் நல்லாதான் இருக்கு” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்.

பழைய திருடன் ஒருவனுக்கு மட்டும் வாய் நீளம். “எவ்வளவு படிச்சிருக்கோம்னு அடியில நூத்துக்கு இத்தனைன்னு காட்டுதும்மா. தண்டனைக்கும் இப்படி ஒண்ணு காட்டுனா புண்ணியமாப் போகும்” என்றான். கம்பெனிப் பெண் சிரித்தாள், கண்காணிப்பாளரும் சிரித்தார், அதன் பிறகே பெஞ்சு சிரித்தது. “ஒரே குறை, பக்கத்தைக் கிழிச்சுப் புகையிலை சுத்த முடியல” என்றான் அடுத்தவன். லைப்ரரி அதையும் எழுதினான்.

எட்டாவது ஆள் பெயின்டர். வெளியே கட்டடங்களுக்கு வண்ணம் அடித்தவர், உள்ளேயும் அதே வேலை. ஐம்பது வயது. யாரிடமும் ஒரு சொல் அதிகம் பேசாத மனிதர். இன்னும் இருபத்திரண்டு நாளில் விடுதலை என்பதால் கொஞ்ச நாளாக முகத்தில் ஒரு களை வந்திருந்தது. பொத்தான் இறுக்கமில்லாமல் இருக்கிறது என்று தினமும் மத்தியானம் நாலாம் நம்பரைத்தான் கேட்டு வாங்கிப் போவார். என்ன படிக்கிறார் என்று லைப்ரரி கேட்டதில்லை. பதிவேட்டில் புத்தகப் பெயருக்கு இடமில்லை, கருவி எண்ணும் நேரமும் கைதி எண்ணும்தான்.

“எனக்குக் கண்ணு அவ்வளவா தெரியாதும்மா. எழுத்தைப் பெருசாக்க முடியுது, அது பெரிய உதவி” என்று ஆரம்பித்தார். “வெளிய போனதும் கோழிப் பண்ணை வைக்கலாம்னு இருக்கேன். அதுக்குன்னே ஒரு புத்தகம் இருக்கு இதுல.”

லைப்ரரியின் பேனா நின்றது.

“அதுல ஒரு அதிசயம் பாருங்க. நடுநடுவுல யாரோ கோடு போட்டிருக்காங்க. சேர்த்துப் படிச்சா பேசுற மாதிரியே இருக்கு. அழுத்தமா விழுந்திருக்கிற கோடு சேவல். லேசா தெரியறது பெட்டை.” பெயின்டர் சிலேட்டை வாங்கி ஆசையாகப் பக்கத்தைத் தள்ளினார். “இந்தா... ‘குஞ்சு’, ‘காய்ச்சல்’, ‘குணமாகும்’, ‘கவலை’, ‘வேண்டாம்’. எம்பத்தியோராம் பக்கத்துல, ‘சேவல்’, ‘இல்லாத’, ‘கூடு’, ‘குளிர்’. படிச்சிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா. பாவம், எந்த மகராசியோ.”

பெஞ்சில் ஒருவன் கொக்கரித்துக் காட்டினான், எல்லோரும் சிரித்தார்கள். மனைவி தனக்கென்று போட்ட கோடுகளை ஊர் கூடிக் கேட்டுச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு லைப்ரரி குனிந்தபடி இருந்தான். கம்பெனிப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. “இதுதான் சார் நாங்க எதிர்பார்த்தது! படிக்கிறவங்க தனியா இல்லைங்கற உணர்வு!” என்றவள், யாரும் கேட்காமலே கணினியைத் தட்டினாள். “நாலாம் நம்பர்ல இருந்து, பெண்கள் பகுதி ஒன்பதாம் நம்பருக்கு. பெரும்பாலும் காலைல ஒன்பது மணி சுமாருக்கு. நிமிஷம்கூடச் சொல்ல முடியும்.”

கண்காணிப்பாளர் போட்டிருந்த காலை இறக்கினார்.

“காலைல நாலாம் நம்பர் யார் கையில இருக்கும்?”

அவர் பார்வை பெஞ்சைத் தாண்டிப் படிவம் எழுதுகிறவனிடம் வந்தது.

“லைப்ரரி, உன் பொண்டாட்டி அந்தப் பக்கம்தானே இருக்கா?”

“ஆமாங்கய்யா.”

“போய் ரிஜிஸ்டரைக் கொண்டா.”

நூலக அறைக்கு முப்பது அடி. கூட வந்த வார்டர் வாசலில் நின்றுகொண்டார். லைப்ரரி பதிவேட்டைத் திறந்தான். காலை ஒன்பது மணிக்கு எந்த நாளிலும் நாலாம் நம்பருக்கு நேரே ஒன்றும் இல்லை. வெறும் கட்டம். உண்மையைச் சொன்னால் நூலகம் போகும், நாற்காலி போகும், அதெல்லாம் ஒழியட்டும். அவளை எங்கோ நாலு மலை தாண்டி மாற்றுவார்கள், மகளைப் பற்றி இனி ஒரு சொல் வராது. குஞ்சுக்குக் காய்ச்சல் முழுதாகக் குணமாகிவிட்டதா என்பதுகூட இன்னும் அவனுக்குத் தெரியாது. ஒன்பதாம் நம்பரை எடுத்தது யாரென்று பெண்கள் பகுதிக்காரர்கள் கண்டுபிடிக்க முடியாமல் விட்டுவிடவும் கூடும் என்று ஒரு நப்பாசை. ஆள் ஒருவன் கிடைத்துவிட்டால் இங்கே அதிகம் துருவ மாட்டார்கள்.

நிற்க வைத்து அவனைக் கேட்டால் ஆயிரம் காரணம் சொல்லுவான். ஆனால் கை யோசிக்கவே இல்லை. ஒன்பது கட்டங்களில் பெயின்டரின் கைதி எண்ணை எழுதினான். ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று இடையில் பேனாவைக்கூட மாற்றினான்.

கண்காணிப்பாளர் பதிவேட்டைப் பார்த்தார், பிறகு வெகு நேரம் லைப்ரரியைப் பார்த்தார். அவர் ஒன்றும் மடையர் அல்ல. கள்ளத்தனமாக எழுதுகிறவன் அதைத் தானே எழுந்து நின்று வாசித்துக் காட்டுவானா? அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் இருபத்திரண்டு நாளில் போகப்போகிறவனால் அவருக்கு இனி ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அச்சடித்த மாதிரி எழுதுகிறவன் இன்னும் பல வருடம் இருப்பான்.

“என்னய்யா இது?” என்றார் பெயின்டரிடம்.

“நான் காலைல வாங்கினதே இல்லைங்கய்யா. காலைல சுவர் வேலை. தம்பியையே கேளுங்க.” பெயின்டர் லைப்ரரியின் பக்கம் திரும்பினார். முகத்தில் சந்தேகம் ஒரு துளிகூட இல்லை. “சொல்லு தம்பி, ஐயா ஏதோ தப்பா நினைச்சிட்டாரு.”

“ரிஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதுதாங்கய்யா” என்றான் லைப்ரரி.

பெயின்டரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நன்னடத்தைக்காகக் கழித்திருந்த பதினான்கு மாதமும் திரும்பச் சேர்ந்தது. கம்பெனிப் பெண் முகம் வெளுத்து, “நான் இதுக்காகச் சொல்லல சார்” என்று இரண்டு தடவை சொன்னாள். எட்டாம் படிவத்தில், எழுத்தைப் பெரிதாக்கும் வசதி பயனுள்ளதாக இருக்கிறது என்ற வரியோடு நிறுத்தச் சொன்னார்கள். அடிக்கோடு வசதியைப் பன்னிரண்டு சிலேட்டிலும் அன்றைக்கே அணைத்தார்கள்.

மறுநாள் காலையில் கண்காணிப்பாளர் அவனை அறைக்கு அழைத்தார். வழக்கமில்லாத வழக்கமாக உட்காரச் சொன்னார்.

“மனசைத் திடப்படுத்திக்கோ. ஒன்பதாம் நம்பர் உன் பொண்டாட்டிதான். எழுதினது பெயின்டர்னு தெரிஞ்சுபோச்சு, நீ ஒத்துக்கிறியான்னு அவளைக் கேட்டாங்க. ஒத்துக்கிட்டா. மத்தியானம் வண்டி ஏத்தி வேற ஜெயிலுக்கு அனுப்பறாங்க. வாக்குமூலத்தை அந்தப் பக்கத்து வார்டரம்மா கிறுக்கிவெச்சிருக்கு, ஒரு எழுத்தும் புரியல. தெளிவா மூணு பிரதி எடுத்துக் கொடு. உன்கிட்ட கொடுக்கக் கூடாதுதான். வேற யாருக்கும் எழுத வரலியே.”

வரும்போது கொட்டடியில் இரண்டு பேர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பழைய திருடன், “விடு மாப்ளே, யாரைத்தான் நம்பறது” என்றிருந்தான். அது எதற்கென்று இப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

அங்கேயே மேஜை ஓரத்தில் தாளை விரித்தான். காவல் பெண்மணியின் கோழிக் கிறுக்கலில் மனைவி பேசினாள்.

‘நாலாம் எண் கருவியில் எனக்கு எழுதியவர் பெயின்டர்தான். என் கணவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவருக்கு எதுவும் தெரியாது.’

அவனைக் காப்பாற்ற, முகம்கூடப் பார்க்காத ஒருவனோடு தன் பெயரைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மானத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவனுக்குக் கண் நிறைந்து எழுத்து மறைந்தது. துடைத்துக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டினான்.

‘கையெழுத்துக்குப் பின் கைதி சேர்த்துச் சொன்னது’ என்று இருந்தது. ‘அந்த மனிதருக்கு இருபத்திரண்டு நாளில் விடுதலை என்று இப்போதுதான் சொன்னார்கள். எனக்கு அது தெரியாது. கூட இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் அவரை மாட்டிவிட எப்படி மனம் வந்தது? நான் சொன்னதை மாற்றவில்லை. ஆனால் என் கணவர் என்னைப் பார்க்க மனு எதுவும் போட வேண்டாம். மகளைப் பற்றியும் இனி அவர் கேட்க வேண்டாம்.’

“படிச்சியா?” என்றார் கண்காணிப்பாளர். “என்ன இருந்தாலும் அவளுக்கு வெட்கமாவது இருக்கு. உன்னை மனுப் போட வேண்டாம்னுட்டாளாம், உன் முகத்துல முழிக்க முடியலையாம்.”

“ஆமாங்கய்யா” என்றான் அவன்.

மூன்று வெள்ளைத் தாளை எடுத்து ஓரம் மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜன்னல் வழியாக, பெண்கள் பகுதியின் வாசலுக்கு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. மகளைப் பற்றியும் இனி அவர் கேட்க வேண்டாம் என்று மூன்று முறை எழுதினான்.