ஏகாதசித் தீர்த்தம்

பட்டாபியின் உடலைச் சுற்றி அடுக்கியிருந்த ஐஸ் பாளங்கள் உருகிக் கூடமெங்கும் ஓடின. மகள் வைதேஹி மண்டியிட்டு அதைத் துணியில் ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள். வடக்கே, தலைநகரின் முனிர்காவில் அந்த இரண்டாம் மாடி வீட்டுக்குள் ஜூன் மாத வெயில் காலையிலேயே சுவர் வழியாக வந்துவிடும். பெங்களூரிலிருந்து தம்பி அனிருத் வந்ததும் எடுத்துவிடலாம் என்று காரியம் செய்து வைக்கும் வாத்தியார் சொல்லியிருந்தார். வாளி பாதி நிறைந்துவிட்டது. இதில் ஒரு டம்ளராவது நேற்று அப்பாவின் தொண்டையில் இறங்கியதா என்று நினைத்தபோது அவளுக்குக் கை ஓடவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு. ஏகாதசியன்று போய் துவாதசியில் தகனம் என்றால் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எண்பது தாண்டியும் சொட்டுத் தீர்த்தம் படாமல் விரதம் இருந்த மனுஷன், நேரே வைகுண்டம்தான். வைதேஹிக்கு எரிச்சலாக வந்தது. ஊரே கொதிக்கும் மத்தியானத்தில், கரண்ட் இல்லாத வீட்டில் ஒரு கிழவர் போனதற்கு வைகுண்டத்தை எதற்கு இழுக்க வேண்டும்?

கோடை வந்தால், வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களைக் கூட்டி வைத்து வகுப்பு எடுப்பது அவள் வேலை. வயதானால் தாகம் தெரியாது, கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள், பேச்சு குழறினால் உடனே ஃபோன் போடுங்கள் என்று தொண்டை வற்றச் சொல்வாள். அப்பாவுக்குத் துணையிருந்த ராஜாத்தியும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவள்தான். அவள் குடியிருந்த தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்பை இடித்த பிறகு ஊர்க்கோடி நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறாள்.

நேற்றுக் காலை அப்பாவோடு சண்டை. எண்பதுக்கு மேல் விரதம் வேண்டாம் என்று சாஸ்திரமே விட்டுவிடுகிறது என்றாள் வைதேஹி. சாஸ்திரத்தை நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கும் கோபம். செருப்பை மாட்டிக்கொண்டே ராஜாத்தியிடம், அவராகக் கேட்டால் கொடு, இல்லாவிட்டால் விட்டுவிடு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஊருக்கெல்லாம் ஒரு பாடம், அப்பாவுக்கு மட்டும் வேறு பாடம். ராஜாத்தியின் ஃபோன் வந்தபோதும் அவள் வகுப்பில்தான் இருந்தாள். ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் ராஜாத்தியிடம் எத்தனையோ பேசிவிட்டாள். அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. இல்லை என்று பதில் வந்தால் அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை எப்படி ஓட்டுவது என்று பயமாக இருந்தது.

வாளியைக் கொட்டப் பின்பக்க பால்கனிக்குப் போனாள். ராஜாத்தி அங்கே துணி அலசிக்கொண்டிருந்தாள். இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்கப் போவதில்லை என்று தோன்றியது.

"ராஜாத்தி, அப்பா நேத்து தீர்த்தம் கேக்கவே இல்லையா?"

ராஜாத்தி கூடத்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"கேட்டாருக்கா. கரண்டு போனதும் கேட்டாரு. தண்ணில உப்பு போட்டு நிம்பூ பிழிஞ்சு குடுத்தேன். ரெண்டு டம்ளர், மடமடன்னு குடிச்சாரு. ஐயா, விரதமாச்சேன்னேன். பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, வைதேஹிகிட்ட மட்டும் மூச்சு விடாதே, ஜெயிச்சுட்டேன்னு ஆடுவாள்னாரு."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே பெரியவர்கள் விரதத்தைப் பற்றிப் பேசியதால்தான் வாயைத் திறக்கவில்லை என்றாள்.

வைதேஹி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காலையிலேயே குடித்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ. அந்தக் கேள்வி அவளை விடப் போவதில்லை. ஆனால் தாகத்தோடு போகவில்லை. கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார்.

அனிருத் வந்ததும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அப்பாவின் தங்கையான அத்தை அவனைத் தேற்றி, விரதக் கதையை முதலிலிருந்து சொன்னாள். முடிவில் சாட்சிக்கு வைதேஹியின் பக்கம் திரும்பினாள்.

"கடைசி வரைக்கும் சொட்டுத் தீர்த்தம் படலை, இல்லையோடி?"

கூடமே அவளைப் பார்த்தது. ராஜாத்தி சமையலறை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வைதேஹி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாம் அத்தை, படலை. சொன்னாக் கேக்கற மனுஷனா?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். அத்தை பக்கத்தில் நகர்ந்து வந்து, அழுடி, நன்னா அழுதுடு என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.