பிரேக் நரம்பு

லேப் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. நான்கு மாதத்துக்கு முன் தம்பி மகளின் பிறந்தநாளில், கேக் வெட்டிய கையோடு எல்லார் முன்னாலும் பெருமையடித்தாள். "எங்க லேப் ஃப்ரிட்ஜ்ல ஒரு மருந்து இருக்கு. கெட்டுப்போன இதயத்தையும் சொன்ன பேச்சு கேட்க வெச்சுடும்!" அவரவர் கவலை அவரவருக்கு; யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பி மனைவி மட்டும் போட்டுக்கொண்டாள்.

போன வியாழக்கிழமை தம்பி பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். நாற்பத்து நான்கு வயது. டிப்போவில் அவனுக்கு ஸ்டியரிங் என்றுதான் பெயர். அந்த வலியிலும் வண்டியை ஓரம் கட்டி, பயணிகளை இறக்கிவிட்டு, அப்புறம்தான் சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்தார்கள். கண்டம் தாண்டிவிட்டது என்று குடும்பமே பெருமூச்சு விட்டது.

லேப் அக்கா விடவில்லை. கட்டிலுக்கு மேலிருந்த மானிட்டரில் இதயத்துடிப்பின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றாறு. தம்பி தூங்கினாலும் தொண்ணூற்றாறு, பேசினாலும் தொண்ணூற்றாறு.

"பாருங்க அண்ணி, ஆடாம அசையாம நிக்குது. உங்க தம்பி மாதிரியே பிடிவாதம்!" என்று தம்பி மனைவி சிரித்தாள். மூன்று நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சிரிப்பில் எப்படி மண்ணைப் போடுவது? நல்ல இதயம் அப்படி நிற்காது. மூச்சை இழுத்தால் கொஞ்சம் ஓடும், விட்டால் கொஞ்சம் நிதானிக்கும். நிதானிக்கச் சொல்வது வேகஸ் என்ற நரம்பு. அதன் நுனியில் நைட்ரிக் ஆக்சைடு என்ற ஒரு வாயு துளியூண்டு ஊறும். ஊறினால்தான் நரம்பின் பேச்சு இதயத்தில் எடுபடும். மாரடைப்புக்குப் பிறகு சிலருக்கு அந்தப் பேச்சே அடங்கிப்போகும். அப்படிப்பட்ட இதயம் திடீரென்று ஒருநாள் தறிகெட்டு ஓடினால் பிடித்து நிறுத்த ஆளிருக்காது. பத்தொன்பது வருஷமாக இதய ஆராய்ச்சி லேபில் வேலை பார்ப்பவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டாக்டரைத் தாழ்வாரத்தில் மடக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதாம்மா. அந்த நரம்பு சோர்ந்துதான் இருக்கு. வேகத்தைக் குறைக்க மாத்திரை குடுத்திருக்கோம். நரம்பையே எழுப்புற மருந்து எங்ககிட்ட இல்ல. உங்க லேப்லதான் ஏதோ பண்றீங்களாமே?"

"கினிப்பன்றிக்குப் பண்றோம், சார்."

"அதான்," என்று அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர்மேல் கோபம்கூட வரவில்லை, என்ன செய்வார் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி அவளைத் தண்ணீர்க் குழாய் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "டாக்டர்கிட்ட நீங்க பேசினது காதுல விழுந்துச்சு. அன்னைக்கு ஒரு மருந்து சொன்னீங்களே, அதைக் கொண்டாங்க அண்ணி."

"ஐயோ, அது மனுஷங்களுக்கு இல்லம்மா. இதயத்துக்குள்ளயே ஊசி போடணும். மனுஷ உடம்புல என்ன பண்ணும்னு கடவுளுக்கே தெரியாது. எங்க ஜந்துக்கே வியாழக்கிழமைதான் போட்டிருக்கோம். செவ்வாய்க்கிழமை பார்த்தாத்தான் வேலை செய்யுதான்னே தெரியும்."

"வேலை போயிடும்னு பயமா?"

லேப் அக்காவுக்குச் சுருக்கென்றது. இல்லை என்று கரடியாய்க் கத்தினாலும் நம்பமாட்டாள். புருஷனுக்காகக் கேட்கிறாள், அவள் இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை தம்பி கையைப் பிடித்துக்கொண்டான். "நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கிறதப் பார்த்தாலே தெரியுது. என்னக்கா ரிப்பேர்? மறைக்காம சொல்லு."

அவனிடம் அவளுக்குப் பொய் வராது. சொன்னாள். அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ ஆக்சிலேட்டர் இருக்கு, பிரேக்குதான் போச்சு."

"முழுசாப் போகலடா. பிடிக்க மாட்டேங்குது. நாளாக நாளாகச் சரியாகலாம். நிறைய பேருக்கு ஆகியிருக்கு."

"பிரேக் பிடிக்காத வண்டியை எங்க டிப்போவுல வாசலைத் தாண்ட விடமாட்டாங்க. என்னை எப்படி நாளன்னைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க?" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

செவ்வாய்க்கிழமை காலை கினிப்பன்றியின் இதயத்தில் மேலறைத் துண்டை நரம்போடு சேர்த்து எடுத்து, வெதுவெதுப்பான உப்புநீர்க் கிண்ணத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்டாள். ஆக்சிஜன் குமிழ் விட்டது. துண்டு தன்பாட்டுக்குத் துடித்தது. லேபை நடத்தும் பேராசிரியர் நரம்புக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்தார். போன மாதம், இதே மாதிரி நரம்பு சோர்ந்திருந்து மருந்து போடாத ஜந்துக்களில் இந்த இடத்தில் துடிப்பின் வேகத்தைக் காட்டும் கோடு ஏதோ பேருக்குத்தான் இறங்கியது. இன்று சரசரவென்று இறங்கியது. மின்சாரத்தை நிறுத்தியதும் நல்ல பிள்ளையாய்த் திரும்ப ஏறியது. மறுபடி கொடுத்தார், மறுபடி இறங்கியது.

"வேலை செய்யுதும்மா!" என்று பேராசிரியர் மேசையைத் தட்டினார். "மனுஷங்களுக்குப் போக இன்னும் பத்து வருஷம் ஆகும். ஆனா வேலை செய்யுது!"

லேப் அக்கா கையுறையைக்கூடக் கழற்றவில்லை. நகத்தளவு சதை, உடம்பே இல்லாத சதை, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு கிண்ணத்தில் துடித்தது. அதன்மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பதினொன்றரைக்கு போன் வந்தது. தம்பி முகம் கழுவ எழுந்து உட்கார்ந்தானாம். மானிட்டரில் எண் இருநூறைத் தாண்டியதாம். முக்கால் மணி நேரம் போராடிப் பார்த்தார்களாம்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. தம்பி மனைவி தாழ்வாரத்து பெஞ்சில் அவன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. அந்த மருந்து வேலை செஞ்சுதா, அண்ணி?"

லேப் அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லம்மா. செய்யல."

"நெஜமாவா?"

"நெஜமா."

அப்போதுதான் தம்பி மனைவிக்கு அழுகை வந்தது. லேப் அக்காவின் தோளில் சாய்ந்து, "உங்களைத் தப்பா நெனச்சிட்டேன், அண்ணி, மன்னிச்சிடுங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். லேப் அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். இனி இந்த ஜென்மத்தில் அவளிடம் உண்மையைச் சொல்ல முடியாது.