கேப்டனின் இஞ்சி டீ

"இஞ்சி டீ. சர்க்கரை கம்மி. நல்லா சூடா... கொஞ்சம்."

கடைசிச் சொல் வந்து விழுந்தபோது திரையில் விண்கலத்தின் கேப்டன் வாயை மூடி ஒரு விநாடி ஆகியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் இயக்குநர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கேப்டனுக்குக் குரல் கொடுக்க நின்றவர், அவள் எதுவும் சொல்வதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டார்.

அந்த ஸ்டூடியோவில் அவரை எல்லோரும் 'கும்பல்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒற்றை ஆளுக்கு அப்படி ஒரு பெயர் வரக் காரணம் உண்டு. சந்தைக் கூச்சல், கல்யாண வீட்டு இரைச்சல், தீப்பிடித்த கட்டடத்துக்கு வெளியே நின்று கத்துகிறவர்கள் என்று காலமெல்லாம் கூட்டத்தின் குரலாகவே இருந்தவர். தனியாக ஒரு முகத்துக்கு, அதுவும் கதாநாயகனின் முகத்துக்குப் பேசக் கிடைத்தது இதுதான் முதல் தடவை. சண்டைக் காட்சி, வீர வசனம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். கேப்டன் சுவரில் இருக்கிற கம்ப்யூட்டரிடம் தனக்குப் பிடித்த டீயைக் கேட்கும் இடத்தில்தான் வண்டி நின்றுவிட்டது.

"சார், அது மெஷின்," என்றாள் இயக்குநர். "சொன்னா தரும். அதுகிட்ட போய் எதுக்குக் கெஞ்சறீங்க?"

"கெஞ்சலம்மா. ஒரு மரியாதைக்கு..."

"எல்லா எபிசோட்லயும் கேப்டன் இதைச் சொல்லுவாரு. இது சரியா வரலன்னா வேற குரல் பாக்கச் சொல்லிட்டாங்க சார். நாளைக்குக் காலையில ஒரே ஒரு தடவை பாத்துடலாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே யோசனை. அந்தக் 'கொஞ்சம்' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டோடு வந்த நாளிலிருந்து அது அவர் பேச்சில் உப்பாய்க் கரைந்துவிட்டது. 'உனக்குச் சிரமம் இல்லேன்னா கொஞ்சம்...', 'அப்படியே போட்டா எனக்கும் கொஞ்சம்...'. மருமகள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்துவிடுவாளோ என்ற பயம்தான் அவருக்கு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவரோ டீ வேண்டுமென்றால் லேசாகச் செருமுவதோடு சரி. இரண்டாவது டீ என்று ஒன்று உண்டு என்பதையே மறந்துவிட்டார்.

வீட்டில் மகன் இன்னும் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. மருமகள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனோடு யாரோ வாடிக்கையாளருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். பகல் முழுக்க அவளுக்கு அதுதான் வேலை. அவர் சத்தம் காட்டாமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சுவரைப் பார்த்து நின்றார். சுவருக்கு ஏது மனசு, அது மனத்தாங்கல் படாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"இஞ்சி டீ. சர்க்கரை கம்மி. நல்லா சூடா... கொஞ்சம்."

தலையில் அடித்துக்கொண்டார். மறுபடியும், மறுபடியும் சொன்னார். எத்தனையாவது தடவையோ, 'கொஞ்சம்' என்ற வால் அறுந்து விழுந்தது. வந்தது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் இரண்டு தடவை உரக்கவே சொன்னார்.

சற்று நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், மருமகள் கையில் டம்ளரோடு நின்றாள்.

"ஐயோ, உன்னைச் சொல்லலம்மா. அது வசனம். சீரியல்ல கம்ப்யூட்டர்கிட்ட கேக்கறது..."

"வசனமா? நான் வேற, மாமா இன்னிக்குத்தான் வாயைத் திறந்து கேட்டாருன்னு ஓடிப் போய்ப் போட்டேன்." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நாள் பூரா போன்ல சுத்தி வளைச்சுப் பேசறவங்க பேச்சைத்தான் கேக்கறேன் மாமா. என்ன வேணும்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள தலைவலி வந்துடும். வீட்டுல நீங்களும் அப்படித்தான். நீங்க 'சிரமம் இல்லேன்னா'ன்னு இழுக்கறப்பல்லாம், நான் என்னமோ உங்களைக் கொடுமைப்படுத்தற மாதிரி இருக்கும்."

அவருக்குச் சுருக்கென்றது. மரியாதை என்று நினைத்து அவர் பேசியதெல்லாம் இத்தனை நாளும் அவள் காதில் புகாராக விழுந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

"குடிங்க. சரியா இருக்கா சொல்லுங்க."

ஆவி முகத்தில் அடித்தது. ஆசையாகப் போட்டிருக்கிறாள், இஞ்சியையும் தாராளமாகவே தட்டிப் போட்டிருக்கிறாள். ஆனால் இஞ்சி கேப்டனுக்குப் பிடித்தது. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வாசனை ஆகாது. நேற்றாக இருந்தால் 'அமிர்தம்மா' என்று சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்திருப்பார். டம்ளரை உதடு வரை கொண்டுபோனவர் அப்படியே இறக்கினார்.

"இஞ்சி வேணாம்," என்றார். "வெறும் டீ. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை."

அவ்வளவுதான். வாலில் 'கொஞ்சம்' ஒட்டவில்லை.

மருமகள் அவரை ஒரு கணம் பார்த்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவர் பின்னாலேயே போய் வாசல்படியில் நின்றார். அவள் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, கேப்டனின் டீயைத் தானே ஒரு வாய் குடித்தாள். மேசையில் லேப்டாப் அடுத்த அழைப்புக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் திரும்பவில்லை. பால் மெல்ல மேலே எழும்பி வருவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.