உதயரூபனின் மேற்பல்

கல்லடியில் யார் இறந்தாலும் அதை ஊருக்குச் சொல்பவர் உதயரூபன். ஓட்டோவின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள ஒழுங்கைகள் எல்லாவற்றிலும் மெதுவாகப் போவார். மரணம், கோயில் திருவிழா, தண்ணீர் வெட்டு, காணாமல்போன மாடு, எல்லாம் அவர் வாய்வழியாகத்தான் ஊருக்குள் வரும்.

அந்த வாயில் மேல்வரிசை மட்டும் பொய்ப்பல். முதலில் வைத்திருந்த பல்செட்டைச் சுனாமி கொண்டுபோனது. இரண்டாவதை அகதிமுகாமில் ஒரு நிவாரண அமைப்பு செய்து கொடுத்தது. அளவெடுத்த அன்று அவருடைய பல்முரசு வீங்கியிருந்தது. வீக்கம் வற்றியதும் பல்செட் பெரிதாகிவிட்டது. மெல்லப் பேசினால் நிற்கும்; உணர்ச்சிவசப்பட்டால் நழுவும். மரண அறிவித்தலை உணர்ச்சியில்லாமல் வாசிக்க அவருக்குத் தெரியாது.

போர் முடிந்த மறுவருடம், சின்னமணி என்ற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் கொழும்பு ஆஸ்பத்திரியில் காலமானார். உடல் ஊருக்கு வந்துகொண்டிருப்பதாகச் செய்தி கிடைத்ததும் உதயரூபன் மைக்கைப் பிடித்தார். அயல்வீட்டு நிலோஜன் ஓட்டோவை ஓட்டினான். அவனுக்கு முப்பது வயது. பள்ளம் பார்த்து ஓட்டும் பழக்கம் இல்லாதவன்.

"அமரர் சின்னமணி அவர்களின் பூதவுடல் கல்லடியை நோக்கி வந்துகொண்டிருக்கின்றது" என்பதுதான் வாசகம். பெயரைச் சொல்லும்போதே பல் நழுவத் தொடங்கியது. அதை நாக்கால் முட்டுக்கொடுத்தபடி மிச்சத்தைச் சொன்னதில் நடுவில் இருந்த சொற்கள் காற்றாகப் போயின. ஒழுங்கைகளுக்குக் கேட்டது இதுதான்:

"சுனாமி... கல்லடியை நோக்கி வந்துகொண்டிருக்கின்றது. பொதுமக்கள் அனைவரும்..."

அந்த இடத்தில் ஓட்டோ பள்ளத்தில் விழுந்தது. பல்செட் தெருவில் போய் விழுந்தது. மைக்கை நிறுத்தாமலே உதயரூபன் அலறினார்.

"ஐயோ, போச்சு! எல்லாம் போச்சு! திருப்பு மனே, திருப்பு!"

கல்லடி எழுந்து ஓடியது. சலூனில் பாதி முகத்துக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு ஓடினார். ஒருத்தி உலையில் இருந்த சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எல்லோரும் வாவியைக் கடந்து பட்டணத்துப் பக்கம் போகப் பாலத்தில் ஏறினார்கள். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய பழைய இரும்புப் பாலம் அது. அதே நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து சின்னமணியைக் கொண்டுவந்த வாகனம் பாலத்தின் நடுவுக்கு வந்து நின்றது.

செத்தவீட்டில் உடலுக்காகக் காத்திருந்த சின்னமணியின் மனைவி ஆச்சிப்பிள்ளையும் கூட்டத்தோடு ஓடி வந்திருந்தாள். வாகனத்தின் கண்ணாடிக்குள் கணவனைக் கண்டதும் இரண்டு கையாலும் அதை அடித்தாள்.

"இஞ்சால வராதீங்க! கடல் வருது, திரும்புங்க!"

சாரதி பின்னோக்கியே பட்டணம்வரை போனான். சின்னமணி மத்தியானம்வரை ஒரு வாகைமர நிழலில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

உதயரூபன் தெருவில் முழங்காலில் நின்று பல்லைத் தேடிக்கொண்டிருந்தார். சனம் ஏன் ஓடுகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. கடந்துபோன ஒருவர், "சுனாமி, அண்ணன், எழும்புங்க!" என்று கத்தினார். அவரும் எழுந்து ஓடினார்.

ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் பொலிஸ் வந்தது. நிலோஜன் தேடி எடுத்து வைத்திருந்த பல்செட்டைச் சான்றுப்பொருள் என்று ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுபோனார்கள். விசாரணை முடியும்வரை கொடுக்க முடியாது என்றார்கள். விசாரணைக்குப் போன உதயரூபன் சொன்ன எதுவும் பொலிசாருக்கு விளங்கவில்லை. அவருக்கு மேற்பல் இல்லை.

அடுத்த ஞாயிறு மரண உதவிச் சங்கம் கூடியது. அறிவித்தல் வேலைக்கு அவரை அமர்த்தியது அந்தச் சங்கம்தான். தலைவர் அருமைநாயகம் ஓய்வுபெற்ற தபாலதிபர். எதையும் தீர்மானமாக்கி நிறைவேற்றினால்தான் அவருக்கு மனம் ஆறும்.

"கழண்டு விழுற பல்லோட ஒருத்தரும் எங்கட மைக்கைத் தொடக்கூடாது. இவர் நிரந்தரமாப் பல்லுப் பூட்டவேணும், இல்லாட்டி வேலைய விடவேணும். ஆதரிக்கிற ஆக்கள் கையத் தூக்குங்க."

"என்ட வாய்க்கு நீங்க என்னத்துக்கு வாக்கெடுக்கிறீங்க?" என்று உதயரூபன் கேட்டார். அது வேறு ஏதோபோலக் கேட்டதால் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஆச்சிப்பிள்ளை மட்டும் அவருக்காக எழுந்தாள். "அவர ஒண்டும் சொல்லாதீங்க. என்ட மனிசனக் கூட்டிவர ஊரே பாலத்துக்கு வந்த. மந்திரி செத்தாலும் இவ்வளவு சனம் வராது."

ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது.

சுவிஸில் இருந்த மகள் தனுஷா, செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். உதயரூபனும் நிலோஜனும் காத்தான்குடியில் டொக்டர் நஸீரிடம் போனார்கள். டொக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். மேல்தாடை எலும்புக்குள் நாலு திருகாணி இறக்கி, அவற்றின் மேல் முழு வரிசையையும் பூட்டலாம் என்றார்.

"எலும்பு போதாட்டி?" என்று நிலோஜன் கேட்டான்.

"சில ஆக்களுக்கு இடுப்பெலும்புல கொஞ்சம் எடுத்து வைக்கிற. ஐயாவுக்குத் தேவையில்ல, நல்ல எலும்பு இரிக்கி."

உதயரூபன் தன் இடுப்பை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நிரந்தரம் எண்டா, சாகும்வரைக்கும் இரிக்குமா டொக்டர்?" பல்லில்லாத பேச்சு டொக்டருக்குப் பழக்கம்.

"கவனமா வச்சிருந்தா கனகாலம் இரிக்கும். ஒவ்வொரு நாளும் துப்புரவாக்கணும். வெத்தில போடுறத விடணும். மறுகா நீங்களா கழட்ட ஏலாது, நான்தான் கழட்டணும்."

அந்தக் கடைசி வார்த்தை உதயரூபனை உறுத்தியது. அதைச் சொல்லாமல் வேறொன்றைக் கேட்டார்.

"சோதனைச் சாவடியில மிசின் கத்தாதா?"

கத்தாது என்று டொக்டர் சிரித்தார். உதயரூபன் நம்பவில்லை. நோயாளர்களுக்குக் காட்ட வைத்திருந்த மாதிரித் திருகாணி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே பாலத்தடிச் சாவடிக்கு ஓட்டோவை விடச் சொன்னார். போகும் வழியில் அதைக் கழுவிக் கன்னத்துக்குள் அடக்கினார்.

சிப்பாய் கையிலிருந்த கருவியால் அவருடைய உடம்பைத் தடவினான். பெல்ட்டில் மட்டும் கத்தியது. சிப்பாய் போகச் சொன்னான். உதயரூபன் போகவில்லை. வாயைத் திறந்து விரலால் காட்டினார்.

"இஞ்சயும் பாருங்க."

சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. வாய்க்குள் ஏதோ பளபளத்ததைக் கண்டதும் பின்வாங்கித் தன் அதிகாரியைக் கூப்பிட்டான். அதிகாரி டோர்ச் அடித்துப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"வாயில என்ன?"

"பல்லு."

"இது ஆணி."

"ஓம் சேர். இது பல்லாகப்போற ஆணி."

 அதிகாரி கருவியைத் தானே வாங்கி, பல்வைத்தியரைப்போலக் குனிந்து, அவருடைய கன்னத்தில் பிடித்தார். சத்தம் வரவில்லை. மறுபடி பிடித்தார். வரவில்லை. இரண்டு பேருக்கும் ஏதோ ஒரு திருப்தி. அதிகாரி தன்னுடைய கடைவாய்ப் பல்லைக் காட்டி, அது பல நாளாக வலிப்பதாகச் சொல்லி, டொக்டரின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் உதயரூபன் டொக்டருக்குச் சம்மதம் சொல்லவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. ஒரு காலை, குசினி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்த மனைவி சுலோஜனா கேட்டாள்.

"மிசினும் கத்தல்ல. மகளும் செலவு தாறன் எண்டிட்டாள். இன்னும் என்ன யோசின?"

உதயரூபன் பக்கத்தில் குந்தினார். பல்லில்லாத பேச்சை ஊரில் அவள் ஒருத்திதான் பிழையில்லாமல் விளங்கிக்கொள்வாள்.

"சுனாமியண்டு பல்லக் கழட்டிக் கழுவ வச்சிருந்தன். தண்ணியக் கண்டதும் அண்ணனப் பார்த்துக் கத்தினன், ஓடு எண்டு. அவர் தேத்தண்ணிக்குக் கூப்பிடுறன் எண்டு நினைச்சு, 'குடிச்சிட்டன், குடிச்சிட்டன்' எண்டு கையக் காட்டினார். மறுகா அவரக் காணல்ல."

அவள் இறாலைக் கீழே வைத்தாள்.

"பல்லு இல்லாததாலதான் அவருக்கு விளங்கல்ல எண்டு இவ்வளவு காலமும் மனசத் தேத்தினன். இனிக் கழட்ட ஏலாத பல்லப் பூட்டிப்போட்டு, நாளைக்கு ஒண்டு நடந்து, நான் கத்தியும் ஆரும் ஓடாட்டி, நான் எதைச் சாட்டுறது?"

 சுலோஜனாவுக்கு இரக்கமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

"உங்கட அண்ணன் நீங்க சொல்லி எப்ப கேட்டவர்? கலியாணம் முடிச்ச நாளில இருந்து பார்க்கிறன், நீங்க கிழக்கெண்டா அவர் மேற்கு. பல்லோட நிண்டு தெளிவாச் சொல்லியிருந்தா, உங்களோட வழக்குப் பேசிக்கொண்டு நிண்டிருப்பார். நீங்களும் போயிருப்பீங்க." முன்றானையால் முகத்தைத் துடைத்தாள். "போய் அந்த ஆணிய அடிச்சிக்கொண்டு வாங்க. உங்கட பேச்ச ஊருக்கு மொழிபெயர்த்து எனக்கு வாய் உளையுது."

உதயரூபனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அன்று மத்தியானமே காத்தான்குடிக்குப் போனார்.

திருகாணிகள் எலும்போடு சேர மாதக்கணக்காயிற்று. அதுவரை கஞ்சியும் பிசைந்த இடியப்பமும்தான். கடைசியில் பல்வரிசை பூட்டப்பட்டது. முதல் அறிவித்தல் குழந்தைகளுக்கான சொட்டுமருந்து பற்றியது. ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தார். 'ழ' எல்லாம் 'ழ'வாகவே விழுந்தது.

ஒழுங்கைகளில் சனம் வாசலுக்கு வந்து சந்தேகத்தோடு பார்த்தது.

"ஆர் இது, யாழ்ப்பாணத்தானா?"

"உதயரூபண்ணன் எங்க? அவருக்கு என்னவும் நடந்திட்டா?"

"நான்தான் உதயரூபன்!" என்று அவர் மைக்கிலேயே சொன்னார். அதையும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதால் ஒருவரும் நம்பவில்லை. அன்று சொட்டுமருந்துக்கு வந்த பிள்ளைகள் மிகக் குறைவு.

அருமைநாயகம் அவசரக் கூட்டம் கூட்டி, சனம் பழகும்வரை சுலோஜனாவும் ஓட்டோவில் கூடப்போகவேண்டும் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். அவள் முணுமுணுத்துக்கொண்டு ஏறினாள். முதல் சந்தியில் மைக்கைப் பறித்து, "இது என்ட மனிசன்தான், பல்லு மட்டும் புதிசு. சொல்றது உண்மை, கேளுங்க" என்றாள். சனம் கேட்டது. அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று. நாளடைவில் தண்ணீர் வெட்டையும் திருவிழாவையும் அவளே வாசிக்கத் தொடங்கினாள். உதயரூபன் பின்னிருக்கையில் ஒரு கடதாசிச் சரை கச்சான் கடலையை மடியில் வைத்து, ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டு போனார். கடிக்கிற சத்தம் மைக்கில் கேட்கிறது என்று மட்டும் அவள் அடிக்கடி திரும்பிப் பார்த்து ஏசினாள்.