கெட்டுப்போகாத ரத்தம்

"மறுபடியும் கெட்டுப்போச்சா? ரத்தம் என்ன பாலா, பொழுதுக்கும் திரிஞ்சுபோக?" என்று தையற்காரி கேட்டேவிட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. மூன்று வருஷத்தில் இரண்டாவது தடவையாக மூளைக்காய்ச்சல் அவள் மகனைப் படுக்கையில் தள்ளியிருந்தது. பிழைத்துவிட்டான், ஒரு காதுதான் மந்தம். அதே கிருமி திரும்ப வந்ததால் பிறவியிலேயே ஏதோ குறை இருக்கலாம் என்று டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். இரண்டு முறையும் 'பூஜ்யம். ரத்தம் கெட்டுவிட்டது. மீண்டும் அனுப்பவும்' என்றே சீட்டு வந்தது. அவளுடைய பயமெல்லாம் இப்போது மகளை நினைத்துத்தான். பதினாறு வயசு, அவளும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே?

ஆய்வகத்துப் பெண் தானே வார்டுக்கு வந்திருந்தாள். எந்நேரமும் கையில் பனிக்கட்டிப் பெட்டியோடு திரிவதால் ஆஸ்பத்திரியில் அவள் பெயரே 'ஐஸ்பெட்டி'.

"திட்டுங்கக்கா, நியாயம்தான். நாங்க தேடுற புரதம் சூடுபட்டா வீணாயிடும். அதனால பூஜ்யம் வந்தாலே கண்ணை மூடிட்டு 'கெட்டுப்போச்சு'ன்னு எழுதிடுவோம். நானும் ரெண்டு தடவை எழுதினேன். காலையில பஸ்ல வரும்போதுதான் உறைச்சுது. தம்பி உடம்புல அது இல்லவே இல்லைன்னா?"

மகனிடம் ரத்தம் எடுத்து முடித்ததும் ஐஸ்பெட்டி நர்ஸிடம் தன் கையை நீட்டினாள். "இப்ப எனக்கு எடுங்க."

"உனக்கு என்னடி வந்துச்சு?" என்றாள் நர்ஸ்.

"ரெண்டும் ஒரே பெட்டியில போகட்டும். வழியில கெட்டா ரெண்டும் சேர்ந்தே கெடணும்."

 துணியை வெட்டுவதற்கு முன் ஓரத்துண்டை நனைத்துச் சுருங்குகிறதா என்று பார்ப்பவள் தையற்காரி. தன் ரத்தத்தையே ஓரத்துண்டாக்கியவளை இன்றுதான் பார்க்கிறாள். லிஃப்ட் எங்கோ மேலே நின்றுகொண்டிருந்தது. ஐஸ்பெட்டி காத்திருக்காமல் ஆய்வகத்துக்கு நாலு மாடியும் படியேறி ஓடினாள்.

மத்தியானம் மூச்சிரைக்க வந்தாள். "என்னோடது நல்லா இருக்கு. தம்பியோடது பூஜ்யம். கெடலக்கா! அவனுக்கு அது பிறக்கும்போதே இல்ல. கிருமியைக் குத்தி ஓட்டை போடுறதுக்கு உடம்புல ஒரு புரதக் கூட்டமே வேலை செய்யும். அதுல கடைசி ஆள் வரல."

"நூலிருக்கு, துணியிருக்கு, ஊசி மட்டும் இல்ல. அப்படித்தானே?"

"எங்க டாக்டர்கூட இவ்வளவு தெளிவாச் சொல்ல மாட்டார்!"

"என்கிட்டேருந்தா வந்துச்சு?"

"உங்ககிட்ட பாதி, அவங்கப்பாகிட்ட பாதி. யார் தப்பும் இல்லக்கா. பாப்பாவை எப்பக் கூட்டிட்டு வரீங்க?"

மறுநாளே கூட்டிவந்தாள். இம்முறையும் ஐஸ்பெட்டி தன் கையை நீட்டினாள். அவளுடையது நன்றாகவே இருந்தது; மகளுக்கும் பூஜ்யம்.

தையற்காரி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மகள் சீட்டை எட்டிப் பார்த்தாள். "பரீட்சையிலகூட நான் முட்டை வாங்கினதில்லையேம்மா!"

"இப்பவே தெரிஞ்சதே, அதுதான் பெரிசு," என்றாள் ஐஸ்பெட்டி. "உனக்கும் உங்கண்ணனுக்கும் தடுப்பூசி இருக்கு. ஆனா ஊசி போட்டாச்சுன்னு சும்மா இருந்துடாதே. காய்ச்சல் வந்தா உடனே இங்க ஓடி வரணும்."

அன்றே மகளுக்கு முதல் ஊசி போட்டார்கள். "ஆ!" என்று அவள் முகம் சுளித்ததைப் பார்த்துத் தையற்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கண்ணைத் துடைத்துவிட்டு, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியைச் சுற்றிப் பிடித்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"ஆடாம நில்லு. மூடி இடுக்குல குளிரெல்லாம் வெளிய போகுது. பஞ்சு வச்சு கனமா ஒரு உறை தைக்கிறேன். இனிமே எந்தப் பிள்ளை ரத்தமும் வழியில கெட்டுச்சுன்னு நீ எழுதக் கூடாது."